பக்கத்து வீட்டு மூச்சு

என் கணவர் இறந்த அடுத்த வருஷம் நான் சித்தூருக்கு வந்தேன். அதுவரை நாங்கள் குப்பத்துக்குப் பக்கத்தில் குடுபல்லியில் இருந்தோம். அவர் அங்கே கிறிஸ்தவச் சபைக்கு உபதேசியார். சபை கூடிய அதே கூரையின் கீழ் வார நாட்களில் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தார். மழைக்காலத்தில் வெளியூர்ச் சபைக்கு நடந்துபோய், நனைந்த கம்பளியோடு திரும்பி வந்தவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. குப்பத்திலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு மருந்து கொடுத்தார். கேட்கவில்லை.

அவர் போனது பகல் சாப்பாட்டு வேளையில். மூச்சு வெளியே போனது. அடுத்தது உள்ளே வரும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்தே அப்படி நின்று நின்றுதான் வந்துகொண்டிருந்தது. அதனால் நான் யாரையும் கூப்பிடவில்லை. பால் கொண்டுவந்த பெண் உள்ளே நுழைந்து, அவர் முகத்தைப் பார்த்து, என் தோளைத் தொட்டாள். அப்போதும் நான் அவளைப் பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டினேன். அடுத்த மூச்சின் சத்தம் காதில் விழாமல் போய்விடுமோ என்ற கவலை எனக்கு.

சித்தூரில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பள்ளியைப் பார்த்துக்கொண்ட மிஸ்ஸியம்மா, கோர்ட்டுக்குப் பின்னாலிருந்த தெருவில் ஒரு வீட்டின் பாதியை எனக்கு வாடகைக்குப் பிடித்துத் தந்தார். ஒரே ஓட்டு வீடு. நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். அந்தச் சுவர் கூரையைத் தொடவில்லை. மேலே ஒரு முழ அளவுக்கு இடைவெளி இருந்தது. பக்கத்தில் அப்பளம் சுட்டால் எனக்கு மணக்கும். நான் இருமினால் அங்கே கேட்கும்.

குடிவந்த மறுநாள் விடியற்காலை, இன்னும் இருட்டு கலையவில்லை, ஒரு மூச்சுச் சத்தத்தில் விழித்துக்கொண்டேன். தொண்டையை உரசிக்கொண்டு நீளமாக உள்ளே போன மூச்சு. பிறகு அது நின்றது. நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன். கை தானாகவே பக்கத்துத் தலையணையைத் தேடியது. அங்கே தலையணை எதுவும் இல்லை. அந்த மூச்சு திரும்பி வரவே இல்லை என்று எனக்குத் தோன்றியபோது, மெதுவாக, அரிசி களையும் தண்ணீர் வடிகிறதுபோல வெளியே வந்தது. மறுபடியும் உள்ளே. மறுபடியும் நின்றது. பொழுது விடியும்வரை அது முடியவில்லை. நானும் அசையவில்லை.

கிணற்றடி இரண்டு வீட்டுக்கும் பொது. பக்கத்து வீட்டு அம்மாள் என் வயதுக்காரி, குள்ளமாக, சுறுசுறுப்பாக இருப்பாள். அவள் கணவர் கோர்ட்டில் குமாஸ்தா. குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவளே பேச்சை எடுத்தாள்.

"காத்தால சத்தம் கேட்டுதா டீச்சரம்மா? எங்க வூட்டுக்காரரு மூச்சு கட்டுறாரு. பயந்துட்டீங்களா?"

"யாருக்கோ ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்."

"நானும் கண்ணாலம் ஆன புதுசுல அப்டித்தான் நெனச்சேன். இப்ப அது கேக்கலன்னாதான் முழிப்பு வருது."

திருப்பதியில் மலையடிவாரத்தில், கபில தீர்த்தத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற ஒரு சாமி இருந்தாராம். கோர்ட்டுக்கு லீவு வந்தால் குமாஸ்தா ரயிலேறி அவரிடம் போய்விடுவார். போன தடவை கற்றதைச் செய்துகாட்டி, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வருவார். தனக்கும் கற்றுத்தரச் சொல்லி மனைவி கேட்டதற்கு, பெண்களுக்கு இது ஆகாது என்று சொல்லிவிட்டாராம்.

"ஆனா காத மூடிக்கன்னு சொல்லல" என்றாள் அவள். "அடுப்படில ஒக்காந்துக்கினே எல்லாத்தயும் கேட்டுக்குவேன். மொதல்ல கொல்லன் துருத்தி மாதிரி வேகமா ஊதுவாரு. அப்பறம் ஒரு மூக்க அடச்சி ஒரு மூக்கால இழுப்பாரு. அப்பறம் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். கடசில மூச்ச உள்ளயே நிறுத்திக் கட்டுவாரு. கட்டும்போது மட்டும் ஒண்ணும் கேக்காது. அதால அது மட்டும் எனக்கு வராது."

அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் என்பதே இல்லை. கண் சொருகும்போதெல்லாம் நெஞ்சு எதற்கோ காத்திருப்பதுபோல இறுகிவிடும், திடுக்கிட்டு எழுவேன். பள்ளியில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் கண் இருட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து கிணற்றடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். காரணம் கேட்கவில்லை.

"இத பாருங்க" என்று வலது கையின் கட்டைவிரலால் வலது மூக்கை மூடினாள். "இடதுல இழுங்க. மெதுவா. பூ மோந்து பாக்கற மாதிரி. இப்ப இத மூடிக்கினு அந்தப் பக்கம் வுடுங்க. இழுக்கற நேரத்தக் காட்டியும் வுடற நேரம் ஜாஸ்தியா இருக்கணும். வயிறு உள்ள போவட்டும்."

"நடுவுல நிறுத்தணுமா?"

"வேணாம். கட்டறதெல்லாம் அவரு வேல. நமக்கு வந்துக்கினு போய்க்கினு இருந்தா போதும்."

அன்று மதியம் நான் அசையாமல் தூங்கினேன். மாதக்கணக்கில் அப்படித் தூங்கியதில்லை.

இது என் மதத்துக்கு ஒத்ததா என்ற சந்தேகம் எனக்கு வந்தது. எங்கள் சபையின் போதகரிடமே போய்க் கேட்டேன். வயதானவர், ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மூச்சு விடறது பாவம் இல்லம்மா. அதுல எதத் தேடறேன்னு மட்டும் உன்னையே கேட்டுக்க" என்றார். தூக்கத்தைத்தான் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று அது உண்மை.

பிறகு அது உண்மையாக இல்லாமல் போனது. விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா தொடங்கும்போது இந்தப் பக்கம் நானும் உட்காரத் தொடங்கினேன். அவர் இழுக்கும்போது இழுத்தேன், விடும்போது விட்டேன். அவர் கட்டும்போது மட்டும் நான் சும்மா இருப்பேன். அப்படியிருக்க ஒரு நாள் அவர் கட்டியபோது நானும் கட்டினேன்.

முதலில் காதில் ஒரு இரைச்சல். அடிவயிற்றில் ஒரு சூடு பிறந்து முதுகுத் தண்டில் எறும்பு ஊர்வதுபோல ஏறியது. அது பிடரிக்கு வந்து நின்றதும் இரைச்சலும் நின்றுபோனது. அப்படி ஒரு நிசப்தத்தை நான் அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தேன், குடுபல்லியில், அந்தப் பகலில். ஈரக் கம்பளி வாடை வந்தது. பாய்க்குப் பக்கத்தில் யாரோ எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை, யாரென்று தெரிந்தது. மூச்சை விட்டேன். வாடை போய்விட்டது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகு எந்த விடியற்காலையையும் நான் தவறவிடவில்லை. கட்டுகிற நேரம் மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. மற்ற மூச்செல்லாம் அந்த இடத்துக்குப் போகிற வழி என்றாயிற்று. என் கணவர் ஒவ்வொரு தடவையும் அங்கே இருந்தார். ஒரு தடவையும் திரும்பவில்லை. இன்னும் சற்று நேரம் தாக்குப்பிடித்தால் திரும்புவார் என்று நினைத்தேன். சோறு இறங்கவில்லை. வகுப்பில் பாடம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுவேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கிணற்றடியில் பக்கத்து வீட்டு அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, துன்றீங்களா இல்லியா?" என்று கேட்டாள். சாப்பிடுகிறேன் என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலும் கட்டும் நேரம் நீண்டுகொண்டே போனதை நான் கவனிக்காமல் இல்லை. என்னால் குமாஸ்தாவுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நான் மூச்சை விட்டுவிட்டுப் படபடப்போடு உட்கார்ந்திருப்பேன். அங்கே இன்னும் ஒரு சத்தமும் இருக்காது.

பிறகு ஒரு விடியற்காலை முற்றிலும் சத்தமில்லை. உட்கார்ந்து காத்திருந்தேன். வெளிச்சம் வந்தபோது அவள் என் கதவைத் தட்டினாள். முகம் வெளுத்திருந்தது.

"ராத்திரி வூட்டுக்கே வரல. கோர்ட்டு பியூனக் கேட்டா, நேத்து மத்தியானமே லீவு சொல்லிட்டு டேசனுக்குப் போனாருங்கறான். திருப்பதிக்குத் தனியா போவ எனக்கு பயமா கீது. நீங்க கூட வரீங்களா?"

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. அவள் புளிச்சோற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டாள். பாகாலா வழியாகப் போகிற ரயிலில் ஏறினோம். வழியெல்லாம் அவள் சோற்றுப் பொட்டலத்தை மடியில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். திருப்பதியில் இறங்கியதும் மொட்டையடித்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்தாள்.

கபில தீர்த்தத்துக்கு வெளியே பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து, "எவரம்மா காவாலி? யார தேடறீங்க?" என்றாள். அவள் வாயில் தெலுங்கும் தமிழும் கலந்தே வந்தன. மூச்சு சொல்லிக்கொடுக்கிற சாமி என்றோம்.

"அய்யோ, ஆயன செத்துப்போயி ஒரு வருசம் ஆவுதே. மண்டபத்துக்குப் பின்னாலயே சமாதி வெச்சிருக்காங்க."

என் பக்கத்தில் நின்றவள் பூக்கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சித்தூர்லருந்து ஒரு குமாஸ்தா வருவாரே."

"அவரா? லீவு நாளெல்லாம் வருவாரு. வந்து ஒண்டியா ஒக்காந்துக்கினு இருப்பாரு. யாரோடயும் மாட்லாட மாட்டாரு, ஒரு பேச்சு கெடயாது. இப்பவும் அங்கதான் கீறாரு."

"போன மாசங்கூட சாமி புதுசா ஒரு கட்டு சொல்லிக்குடுத்தாருன்னு வந்து சொன்னாரே" என்றாள் அவள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

மண்டபம் பாறையை ஒட்டிக் கட்டியது. உள்ளே பகலிலும் மங்கல்தான். அவர் பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றி மடித்து ஓரமாக வைத்திருந்தார், கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டை. முதுகு நேராக இருந்தது. நான் விலா எலும்பைப் பார்த்தேன். அசையவில்லை. பக்கவாட்டில் போய் வயிற்றைப் பார்த்தேன். அதுவும் அசையவில்லை. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த மூச்சு வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அதைத் தவிர வேறொன்றும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

அவள் காத்திருக்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் நுழைந்து, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, உலுக்கவில்லை. தொண்டையை உரசிக்கொண்டு உரக்க மூச்சை இழுத்தாள். உடனே விட்டாள். மறுபடி இழுத்தாள். அடுப்படியில் உட்கார்ந்து காதால் கற்றுக்கொண்ட அத்தனையும், துருத்தியும் வண்டும் முன்பின் மாறி, இடையில் எங்கும் நிறுத்தாமல் வந்துகொண்டிருந்தது. வியர்த்துக் கொட்டியது அவளுக்கு. வெளியே யாத்ரீகர்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு போனார்கள். எவ்வளவு நேரம் போனதென்று சொல்ல என்னால் முடியாது.

முதலில் அவருடைய தோள் அசைந்தது. பிறகு வயிறு. பிறகு அவர் மூச்சு அவளுடையதன் பின்னாலேயே, தடுக்கித் தடுக்கி வர ஆரம்பித்தது. கண்ணைத் திறக்காமலே அவர் பேசினார்.

"தப்பா இழுக்கற. நடுவுல கட்டணும்."

"எனக்குக் கட்டத் தெரியாது" என்றாள். "காதுல கேட்டுக் கத்துக்கினவ நான். எழுந்து வாங்க. சோறு கொண்டாந்திருக்கேன்."

அவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கால் மரத்துப்போயிருந்தது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். தீர்த்தத்தின் படியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல மடியில் சிந்திக்கொண்டு சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் தண்ணீர்ச் செம்பைக் கையிலேயே வைத்திருந்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

திரும்பி வந்த ரயிலில் எங்கள் பெட்டியில் கூட்டமில்லை. வெளியே மாந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. அவர் என்னைப் பார்த்து, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர்போல அமைதியாகச் சொன்னார்.

"சாமி போனது எனக்குத் தெரியும் டீச்சரம்மா. நானும்தான் தோள் குடுத்தேன். ஒரு நாள் காத்தால கட்டும்போது அவரு மூச்சு எனக்குப் பின்னால கேட்டுது. சத்தியமா கேட்டுது. அவரு இழுக்கற மாதிரி வேற யாரும் இழுக்க மாட்டாங்க. ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் தூரமா கேட்டுது. கிட்ட போவணும்னா இன்னுங் கொஞ்சம் கட்டணும். அதத்தான் புதுசா சொல்லிக்குடுத்தாருன்னு வூட்ல சொன்னேன்."

"அவரு எதாச்சும் பேசினாரா அண்ணா?"

"இல்ல. பேசல. போய்க்கினே இருந்தாரு."

"திரும்பிப் பாத்தாரா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "இல்ல. அது உங்களுக்கு எப்டித் தெரியும்?"

அப்போதுதான் நான் சொன்னேன். குடுபல்லியில் நடந்தது, சுவர் வழியாக அவரோடு சேர்ந்து கட்டியது, கம்பளி வாடை, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர், எல்லாவற்றையும். என் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தைகள் வந்து நெடுநாளாகியிருந்தது. குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய மனைவிதான் கேட்டாள்.

"உங்க வூட்டுக்காரரு உங்களக் கூப்ட்டாரா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல."

"இவர அந்த சாமியும் கூப்டல. கூப்டாதவங்க பின்னால எதுக்குப் போவணும்? அவங்க பாட்டுக்குப் போவட்டும்."

அவளுக்கு அது அவ்வளவு எளிதாக இருந்தது. எனக்கு இல்லை. ஆனாலும் அன்றைக்குப் பிறகு நான் கட்டவில்லை. மறுநாள் விடியற்காலை பாயில் உட்கார்ந்தேன். மூச்சு உள்ளே போய் நிற்கப் பார்த்தது, பழகிய இடத்தில் கால் நிற்பதுபோல. விட்டுவிட்டேன். இழுத்தேன், விட்டேன். அறையில் ஒருவரும் வரவில்லை. என் கணவரை இரண்டாவது தடவை அனுப்பிவைத்ததுபோல இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அதற்குப் பிறகு இரண்டு மூச்சு கேட்கத் தொடங்கியது. தனியாக உட்கார அவள் அவரை விடவில்லை. அவருடைய பாய்க்கு எதிரிலேயே தன் பாயையும் போட்டுக்கொண்டாள். அவர் அவளுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார். முதுகை எப்படி வைப்பது, நாக்கை எங்கே வைப்பது, புருவ நடுவில் எப்படி மனசை நிறுத்துவது என்றெல்லாம் பேச்சு என் காதில் விழும். கட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் எழுந்து அடுப்பு மூட்டப் போய்விடுவாள். சுவருக்கு மேலாக எனக்கும் சேர்த்துத்தான் அந்தப் பாடம் நடந்தது. அப்படித்தான் நான் தியானம் பழகினேன். மூச்சு தானாகவே மெலிந்து மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் போகும். நான் நிறுத்தியதல்ல அது. அந்த அமைதிக்குள் பயமில்லாமல் உட்கார எனக்கு வருஷங்கள் ஆயின.

அதற்காக எல்லாம் தீர்ந்துபோனதென்று சொல்ல மாட்டேன். ஈரக் கம்பளி வாடை பிறகும் வந்தது, நான் கேட்காமலே. வெயில் கொளுத்துகிற சித்திரையில், வகுப்பறையில் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது வரும். நான் திரும்பிப் பார்க்காமல் மூச்சை மெதுவாக விடுவேன். சபையில் போதகர் கண்ணை மூடி மௌனமாக ஜெபிக்கச் சொல்கிற வேளையில், அத்தனை பேருடைய மூச்சும் தனித்தனியாக என் காதில் விழும். யாருடையதாவது நின்றுவிடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஜெபம் முடிந்து பாட்டு ஆரம்பித்தால்தான் எனக்கு நிம்மதி.

குமாஸ்தாவும் பழையபடி ஆகவில்லை. வேலைக்குப் போனார், சம்பளம் வாங்கினார், யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுவார். கண் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். காது மட்டும் வேறெங்கோ இருக்கும். கொஞ்சம் பொறுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

சில வருஷங்களில் அவருக்கு வேலூருக்கு மாற்றலானது. அவர்கள் பாத்திர பண்டங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, அந்தப் பக்கத்துக்கு ஒரு மாங்காய் வியாபாரி குடிவந்தார். பங்காருபாளையத்துக்காரர். குறட்டை விடுகிறவர். நான் பள்ளிக்கூட விடுதியிலேயே ஒரு அறை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவர்களை இன்னும் ஒரு தடவைதான் பார்த்தேன். காட்பாடி ஸ்டேஷனில், நான் மதராஸ் ரயிலுக்காகக் காத்திருந்தபோது. இருவருக்கும் தலை நரைத்திருந்தது. அவள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "ஒடம்பு தேறிட்டீங்க" என்றாள். அவர் எனக்குக் காபி வாங்கி வந்தார். பழைய தெருவைப் பற்றி, கோர்ட்டைப் பற்றிப் பேசினோம். நடுவில் அவர், "இப்பவும் காத்தால ஒக்கார்றீங்களா டீச்சரம்மா? நான் ஒண்ணு கேக்கணும்னு…" என்று தொடங்கி நின்றுவிட்டார். பிளாட்பாரத்து இரைச்சலுக்கு நடுவில் அவர் எதையோ கூர்ந்து கேட்பதுபோல இருந்தது. நானும் அவரோடு சேர்ந்து கேட்கத் தொடங்கிவிட்டேன் என்பது எனக்கே சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது.

அவள் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, தோலை உரித்து, பாதியை அவர் கையிலும் பாதியை என் கையிலும் வைத்தாள்.

"துன்னுங்க ரெண்டு பேரும்" என்றாள். "ரயிலு வர்ற நேரம்."